ஒரே தொட்டி, நான்கு வேலைகள்: டெல்டாவின் சிறிய இடங்களுக்கான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

காவிரி டெல்டாவின் களிமண் பகுதிகளில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பல ஊர்களில் ஓரிரு அடி தோண்டினாலே தண்ணீர் தெரிகிறது. அந்த நாட்களில் செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை உறிஞ்சுகுழி ஏற்பதில்லை. சுற்றியுள்ள மண் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், கழிவுநீர் கழிப்பறைக்கே எதிர்த்து வருகிறது, அல்லது வாய்க்காலில் சேர்கிறது, அல்லது பக்கத்துக் கைப்பம்பு இழுக்கும் நீரோடு கலக்கிறது. ஒரு வீட்டுக்கே தொல்லையான இந்த நிலை, பாதாளச் சாக்கடை எட்டாத மாணவர் விடுதிக்கும், கல்யாண மண்டபத்துக்கும், வேளாங்கண்ணி போன்ற ஊர்களின் தங்கும் விடுதிகளுக்கும் பெரிய சுகாதாரக் கேடாகிறது. இத்தகைய இடங்களுக்கு, துறையினர் எஸ்.பி.ஆர். (சீக்வென்சிங் பேட்ச் ரியாக்டர்) என்று சொல்லும் தொகுதி முறைச் சுத்திகரிப்பே மிகவும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

நகராட்சிகளின் பெரிய நிலையங்கள் பலவற்றில் கழிவுநீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தொட்டியில் காற்று ஊட்டப்படும், அடுத்த தொட்டியில் கசடு படியும். தொகுதி முறையிலோ இடத்துக்குப் பதிலாக நேரம் பிரிக்கப்படுகிறது. ஒரே வாய்க்கால் தண்ணீரை மேல்மடைக்கும் கடைமடைக்கும் நாள் வகுத்து விடும் முறைப்பாசனத்தைப் போல, ஒரே தொட்டி நிரப்புதல், காற்றூட்டல், படியவிடுதல், தெளிநீரை வடித்தல் ஆகிய நான்கு வேலைகளையும் நேரம் வகுத்துச் செய்கிறது.

200 மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில், அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர் ஆகிறது. எட்டு மணி நேரச் சுற்றுகள் மூன்று என்று வைத்தால், சுற்றுக்கு 7,200 லிட்டர். தொட்டியின் முழுக் கொள்ளளவும் 21,600 லிட்டராகவும் நீரின் ஆழம் 3 மீட்டராகவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மேலேயுள்ள ஒரு மீட்டர் நீர் மட்டுமே வெளியேறும். மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் உள்ளேயே இருக்கும். முதல் ஒரு மணி நேரம் காற்று இல்லாமல் கலக்கியபடி நிரப்புதல், ஐந்து மணி நேரம் காற்றூட்டல், ஒரு மணி நேரம் அசைவின்றிப் படியவிடுதல், முக்கால் மணி நேரம் வடித்தல், மிஞ்சும் கால் மணி நேரம் ஓய்வு என்று டைமரை அமைக்கலாம். காலைக் குளியல் நேரத்தில் மொத்தமாக வரும் நீரைத் தாங்கி வைத்துக்கொள்ள முன்னால் ஒரு சேகரிப்புத் தொட்டி கட்டாயம் வேண்டும்.

உள்ளே தங்கும் அந்த இரண்டு பங்கில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை அது முழுமையாகத் தூய்மையாக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. ஆனால் அடியில் படிந்த கசட்டை வீசிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதிய கழிவுநீரை மீண்டும் மீண்டும் ஊற்றியபோது, ஒரு நாளுக்குள்ளாகவே வேலை முடியும் நிலை வந்தது. அந்தக் கசடு பாக்டீரியாக்களின் குடியிருப்பு. இன்றைய பெரிய நிலையங்களுக்கும் மூலமான அந்த ஆய்வு, ஊற்றி, காற்றூட்டி, படியவிட்டு, வடிக்கும் தொகுதி முறையிலேயே நடந்தது. வால்வுகளை ஆள் நின்று திறந்து மூட வேண்டியிருந்ததால் பின்னர் கைவிடப்பட்ட முறை, 1970-களில் தானியங்கிக் கட்டுப்பாடுகள் மலிந்த பிறகு, அமெரிக்காவில் ராபர்ட் இர்வின் போன்றோரின் ஆய்வுகளால் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

நல்ல சுத்திகரிப்பு என்பது கடைசியில் கசடு ஒழுங்காகப் படிவதைப் பொறுத்தது. பாக்டீரியாக்கள் சிறு திரள்களாகச் சேர்ந்தால் கனத்து அடியில் இறங்கும். நூல்போல நீளும் வகைகள் பெருகினால் கசடு பஞ்சாக ஊதி மிதக்கும். நூல் வகைகள் உணவு, அதாவது கரைந்த கழிவு, குறைவாக இருக்கும் நீரில் முந்திக்கொள்பவை. திரள் வகைகள் உணவு நிறைந்திருக்கும்போது விரைந்து உள்வாங்கிச் சேமித்துக்கொள்பவை. தொகுதி முறையில் நிரப்பும்போது உணவு ஒரேயடியாக வந்து, பின் பல மணி நேரம் பட்டினி நிலவுவதால், சேமிக்கத் தெரிந்த திரள் வகைகளே வெல்கின்றன. படியும் நேரத்தில் உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் இல்லாததால், தொட்டி முழுவதும் சலனமின்றி நிற்கிறது என்பது இன்னொரு நன்மை.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. காற்றூட்டல் முடியும் தறுவாயில் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தொட்டி நீரை மொண்டு, வெயில் படாத இடத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பழுப்பு நிறக் கசடு கூர்மையான ஒரு கோடு தெரிய இறங்கி 300 மில்லிலிட்டரில் நின்றால், நமது தொட்டியில் அது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரம். மேல்மட்டத் தெளிநீரை வெளியேற்றும் கருவியான வடிப்பான் இறங்குவது 2 மீட்டர் மட்டம் வரைதான் என்பதால் இடையில் ஒரு மீட்டருக்கு மேல் தெளிநீர் இருக்கும். 700-இல் நின்றாலோ கசடு 2.1 மீட்டர் வரை இருக்கிறது. அன்று வடித்தால் தெளிநீரோடு கசடும் வெளியேறும்.

காற்று இல்லாமல் நிரப்புவதற்கும் காரணம் உண்டு. காற்றூட்டும்போது ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அந்த நைட்ரேட் நிலத்தடி நீரில் சேர்வது கேடு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அடுத்த சுற்றில் புதிய கழிவுநீர் நுழையும்போது ஆக்சிஜன் இல்லாததால், வேறு பாக்டீரியாக்கள் தங்கிய நீரிலுள்ள நைட்ரேட்டின் ஆக்சிஜனைப் பிடுங்கி, நைட்ரஜனை வாயுவாக விடுகின்றன. இதே வேலை படியும் நேரத்தில் நடந்தால் வாயுக் குமிழிகள் கசட்டை மேலே தூக்கிவிடும்; டெல்டாவின் வெப்பத்தில் அது விரைவாக நடக்கும் என்பதால், படியும் நேரத்தைத் தேவைக்கு மேல் நீட்டக் கூடாது.

கல்யாண மண்டபங்களுக்கு இந்த முறை கூடுதலாகப் பொருந்துகிறது. முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் சாப்பிட்ட பந்தியின் கழிவுநீர் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை. தொடர் ஓட்ட நிலையம் இதில் திணறும். தொகுதி முறையில் சுற்றை நீட்டி, காற்றை ஊதும் ப்ளோயரை மணிக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பாக்டீரியாக்களைக் காப்பாற்றலாம். சமையற்கட்டு எண்ணெயை மட்டும் பிரிப்பான் தொட்டியில் தடுத்தே தீர வேண்டும். வடித்த கஞ்சியைக் குழாயில் ஊற்றாமல் மாடுகளுக்குக் கொடுப்பது நல்லது. மாவுச்சத்து மிகுந்து நைட்ரஜன் குறைந்த நீர் நூல் வகைகளை வளர்க்கும்.

மின்சாரம் இந்த முறையின் பலவீனம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பகுதிக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் இருந்ததை யாரும் மறக்க முடியாது. காற்று நின்றால் கசடு கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசத் தொடங்கும். ஆகவே ப்ளோயருக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். மின்சாரம் போகும் நொடியில் வடிப்பான் தானாக மூடிக்கொள்ளும்படியும் அமைக்க வேண்டும்.

பழுது பார்க்கத் தொட்டியைக் காலி செய்வதற்கும் காலம் பார்க்க வேண்டும். தரைக்குள் கட்டிய இந்தத் தொட்டி காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நின்றால், அதை மேல்நோக்கித் தள்ளும் விசை 21 டன்னுக்கும் மேல். கான்கிரீட் தொட்டியே கிளம்பிவிடக்கூடும். எனவே சித்திரை, வைகாசியில், வாய்க்கால்களில் தண்ணீர் வருவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். பெருகும் கசட்டை அவ்வப்போது வெளியே எடுத்துக் காயவைக்கும் மணற்படுகைக்குக் கூரையும் போட வேண்டும். திறந்த படுகை மழைக்காலம் முழுவதும் காயாது, கசடு எடுப்பதும் தடைப்பட்டு, குடுவையில் அந்தக் கோடு நாளுக்கு நாள் உயரும்.