மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் சிறகில் என்ன இருக்கிறது?

முழங்கால் உயரத்தில், நேராகப் போகவே தெரியாததுபோல அலைந்து அலைந்து பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அறிவியல் பெயர் யூரிமா ஹெகாபே. சிறகை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது.

அடையாளம் சொல்வதுதான் சிக்கல். இதைப் போலவே இருக்கும் உறவுக்காரப் பூச்சிகள் பல. போதாததற்கு, இதுவே பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது. மழைக்காலத்தில் பிறந்த பூச்சிக்குச் சிறகோரம் அகலமான கறுப்புக் கரை இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்ததற்கு அந்தக் கரை ஒடுங்கிவிடும். சிறகின் அடிப்பக்கத்தில் செம்பழுப்புத் திட்டுகள் தெரியும். அடிப்பக்கத்தைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்கிற பூச்சி இது. பல்லிக்கும் குருவிக்கும் அப்போது தெரிவது அடிப்பக்கம் மட்டுமே. காய்ந்த சருகுகளுக்கு நடுவில் பழுப்புத் திட்டு உள்ள சிறகு சட்டென்று கண்ணில் படாது.

வண்ணத்துப்பூச்சியாக வெளிவந்த பிறகு சிறகின் நிறத்தை மாற்ற முடியாது. எந்த வடிவம் என்பது புழுவாக இலை தின்னும்போதே முடிவாகத் தொடங்குகிறது. ஜப்பானில் இதன் நெருங்கிய உறவான யூரிமா மண்டாரினாவை வளர்த்துப் பார்த்தவர்கள், பகல் பொழுதின் நீளமும் வெப்பநிலையும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். அங்கே பகல் குறுகும்போது வளரும் புழுக்கள் இலையுதிர்கால வடிவமாகின்றன. அவை பூச்சியாகவே குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில்தான் முட்டையிடுகின்றன.

சரி, அந்தப் புழுவை எங்கே தேடுவது? வாகை, சரக்கொன்றை, கொடுக்காப்புளி, தகரை ஆகியவற்றின் தளிர்களில். வெள்ளை நிறத்தில், இரு முனையும் கூம்பிய முட்டைகளைத் தாய்ப்பூச்சி ஒவ்வொன்றாக வைக்கும். கூட்டமாக முட்டைகளோ, கருந்தலைப் புழுக்களோ இருந்தால் அது இன்னொரு உறவான யூரிமா பிளாண்டா. நம் புழுவுக்குத் தலையும் பச்சை, உடம்பும் பச்சை. கூட்டுப்புழு இடுப்பில் ஒரு பட்டுநூலைக் கட்டிக்கொண்டு இலைபோலத் தொங்கும். பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாள், தோல் கண்ணாடியாகி உள்ளே மடிந்திருக்கும் மஞ்சள் சிறகு வெளியே தெரியும்.

பிடித்தால் விரலில் ஒட்டும் மஞ்சள் தூள் முழுக்க நுண்செதில்கள். கூரை ஓடுகள் மாதிரி அடுக்கடுக்காகச் சிறகை மூடியிருப்பவை. டெரின் என்ற நைட்ரஜன் கலந்த நிறமி இந்தச் செதில்களில் நுண்மணிகளாக நிறைந்திருப்பதால்தான் மஞ்சள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் மஞ்சளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தவர் பிரெடரிக் கோலண்ட் ஹாப்கின்ஸ். பின்னாளில், 1929இல், வைட்டமின் ஆய்வுக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றாரே, அவரேதான்.

நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நிறமும் ஆண் பூச்சியிடம் இருக்கிறது: புற ஊதா. இதற்கு நிறமி காரணமில்லை. மேல்சிறகுச் செதில்களின் வரப்புகளில் இருக்கும் மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்புவதால் வரும் பளபளப்பு இது. ஒளி விழும் கோணத்தைப் பொறுத்துத் தோன்றி மறையும் என்பதால், ஆண் பறக்கும்போது விட்டுவிட்டு மின்னும். பெண்ணிடம் இது மிகக் குறைவு. ஆனால் பார்க்கிற கண் அதற்கு உண்டு. இதே இனத்தை வைத்து ஆஸ்திரேலியாவில் டேரல் கெம்ப் செய்த ஆய்வில், புற ஊதாப் பளபளப்பு அதிகமுள்ள ஆண்களையே பெண்கள் விரும்பி இணை சேர்ந்தது தெரியவந்தது.