போனுக்குள் ஒரு சீப்பு

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். டல்லாஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், அங்கே மலிவாகக் கிடைத்த ஒரு ஆண்ட்ராய்டு போனை வாங்கி வந்திருக்கிறார். 'அன்லாக்டு'தானா (ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் என்ற பூட்டு இல்லாததுதானா) என்று கடையில் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தாராம். ஊருக்கு வந்து சிம்மைப் போட்டதும் டவர் காட்டியது. ஆனால் நெட் ஊர்கிறது. அதே சிம்மைத் தம்பியின் போனில் போட்டால் பறக்கிறது. "பூட்டே இல்லாத போனுக்கு வேறென்ன தடை?" என்று கேட்கிறார்.

பூட்டு விஷயம் சின்னது. சிம்முக்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405; அமெரிக்காவுக்கு 310 முதலானவை. அடுத்து வருவது நிறுவனத்தின் எண். பூட்டிய போன் இதைப் படித்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் சிம்மை ஏற்காது. அன்லாக்டு என்றால் இந்தச் சோதனை இல்லை, அவ்வளவுதான். எந்த ஊர் டவரோடும் பேசும் என்று அதற்கு அர்த்தமில்லை.

பேசுவதற்கு அலைவரிசை பொருந்த வேண்டும். நம்மூர் 4ஜி பெரும்பாலும் 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில், அதாவது அலைவரிசைப் பகுதிகளில், ஓடுகிறது. அமெரிக்காவில் 600, 700, 850, 1900 என்று பட்டியல் வேறு. இந்த இரண்டு பட்டியலிலும் இருப்பது 850. வாசகியின் போன் அதை மட்டும் பிடித்துத் தொங்குகிறது என்று நினைக்கிறேன். 850 வீட்டுக்குள் நன்றாக நுழையும். ஆனால் அது ஒடுக்கமான சந்து, கூட்டம் அதிகம். 2300-தான் அகலமான சாலை.

சாஃப்ட்வேர் அப்டேட்டில் அந்தச் சாலையைத் திறந்துவிட முடியாதா? நானும் அப்படி நினைத்ததுண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடைத் தம்பி, பிரித்துப்போட்ட போர்டை லென்ஸுக்குக் கீழே காட்டினார். ஆண்டெனாவை ஒட்டி எள்ளளவில் சில கட்டைகள். "இதெல்லாம் பில்டர் சார். கம்பெனி எந்த பேண்டுக்கு வெச்சானோ அதுதான்." வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் சல்லடைதான் பில்டர்.

அந்த எள்ளுக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். உள்ளே இருப்பது லித்தியம் டான்டலேட் போன்ற ஒரு படிகம். அதன் மேல், பற்கள் ஒன்றோடொன்று கோத்த உலோகச் சீப்புகள். மின்னழுத்தம் பட்டால் சுருங்கி விரிவது இந்தப் படிகத்தின் குணம். ஆண்டெனாவில் வந்த ரேடியோ அலை சீப்பில் ஏறியதும் படிகத்தின் மேற்பரப்பு நெளிகிறது. அதாவது ரேடியோ அலை ஒலி அலையாகிவிடுகிறது! ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். படிகத்தில் ஓடும் நெளிவுக்குச் சுமார் 4 கிலோமீட்டர்தான். வேகம் குறைந்த அளவுக்கு அலைநீளமும் குறையும். காற்றில் 35 சென்டிமீட்டர் நீளமிருந்த 850 மெகாஹெர்ட்ஸ் அலை, இங்கே 5 மைக்ரோமீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துப் பன்னிரண்டு அலைகள் அடங்கும்.

நெளிவு ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்கு வந்து சேரும் கணமும், மின்சாரம் அங்கே தள்ளும் கணமும் ஒத்துப்போனால் அலை வளரும். தேர்வடத்தை எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பது போல. நேரம் தப்பினால் ஒருவர் இழுப்பை இன்னொருவர் கெடுப்பார், தேர் நகராது. ஆக, பற்களின் இடைவெளிதான் எந்த அலைவரிசை உள்ளே போகலாம் என்று முடிவு செய்கிறது. உலோகத்தில் செதுக்கிய அந்த இடைவெளியை எந்த அப்டேட் மாற்றும்?

2300 பேண்டின் வேலை இன்னும் கடினம். அது 2400-இல் முடிகிறது. வைஃபை அங்கேயே தொடங்குகிறது. போனின் சொந்த வைஃபை காதருகே கத்த, தொலைவில் நிற்கும் டவரின் முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்க வேண்டும். இங்கே சீப்புக்குப் பதில் பெரும்பாலும் அலுமினியம் நைட்ரைடால் ஆன மெல்லிய ஏடு ஒன்றை வைப்பார்கள். ஏட்டின் தடிமன்தான் அதன் சுருதி.

மின்னழுத்தத்தில் சுருங்கி விரியும் படிகத்தின் இந்தக் குணத்தைப் பிரான்சின் கியூரி சகோதரர்கள் சோதித்துக் காட்டியது 1881-இல். திடப்பொருளின் பரப்பில் அலை ஓடும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கணக்குப் போட்டுக் காட்டியது 1885-இல். நிலநடுக்கத்தில் தரைமேல் ஓடிவருவதும் அதே வகை அலைதான். படிகத்தில் சீப்பைப் பதித்து அந்த அலையை எழுப்பும் வழியை அமெரிக்க ஆய்வாளர்கள் வைட்டும் வோல்ட்மரும் வெளியிட்டது 1965-இல். நடுவே 80 ஆண்டுகள்! நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, 2020-21 கணக்குப்படி, உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அந்தக் கொஞ்சத்தையும் கேட்டு வரும் மாணவரிடம் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம், வெளிநாட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு: போனின் பெயரைப் பார்க்காதீர்கள், பெட்டியின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு பில்டர்களோடு விற்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, 4ஜி-க்கு 3, 5, 8, 40 பேண்டுகளும் (இவை முறையே 1800, 850, 900, 2300 மெகாஹெர்ட்ஸுக்கான வரிசை எண்கள்) 5ஜி-க்கு என்28, என்78 (n28, n78) பேண்டுகளும் உண்டா என்று பாருங்கள். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதித்த இ-சிம் மட்டும்தான்.

திண்டுக்கல் அம்மாவுக்கு: போனில் பழுது எதுவும் இல்லை. வீட்டு வைஃபையில் அது நன்றாகவே ஓடும். மகள் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்புங்கள். டல்லாஸில் இறங்கியதும் அதன் பற்களுக்கு ஏற்ற அலை அங்கே காத்திருக்கும்.