துருக்கி மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்

துருக்கி மொழி சொல்லிக்கொடுக்கும் எனக்குத் தமிழ் மாணவர்களிடம் பழகிப்போன பிழை ஒன்று உண்டு. 'நான் டாக்டர் இல்லை' என்பதை 'பென் தொக்தோர் யோக்' என்பார்கள். யோக் என்றால் இல்லைதான். ஆனால் ஒரு பொருள் இல்லாதபோதுதான் அது வரும்: 'சு யோக்', தண்ணீர் இல்லை. இங்கே வேண்டியது 'தெயில்', அதாவது அல்ல. 'தொக்தோர் தெயிலிம்' என்பது அப்படியே 'டாக்டர் அல்லேன்'. 'இம்' நம்முடைய 'ஏன்' விகுதி. நாம் பேச்சில் தொலைத்த வேறுபாடு அங்கே கடைத்தெருவில் புழங்குகிறது!

ஆங்கிலத்தை விட்டுத் தமிழ் வழியாகவே படியுங்கள் என்றுதான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நம் வரிசைதான் அங்கும். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன், இன்ன புத்தகம் என்று தெரியும். ஐ உருபை எப்போது போடுவது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித்தந்தார்களா? கேட்டுக் கேட்டே பழகினீர்கள். அந்தக் காதையே இங்கும் நம்புங்கள். துருக்கியில் எழுதும்போது கிதாபுவின் கடைசி எழுத்து, மேலே புள்ளியில்லாத ஆங்கில i போன்ற 'ı'. அதை இகரமாக வாசிக்காமல், 'காது', 'பாட்டு' என்னும்போது உதடு குவியாமல் வரும் குற்றியலுகரமாகச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

'மிஷ்' விகுதிக்கு ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கம் தரும். 'கெல்மிஷ்' என்றால் 'வந்தானாம்', அவ்வளவுதான். காலையில் சன்னலைத் திறந்து தெருவெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து 'கார் யாமுஷ்' என்றால், 'பனி பெய்திருக்கிறது'. பிறர் சொல்லிக் கேட்டதற்கும் தடயம் பார்த்து ஊகித்ததற்கும் ஒரே விகுதி.

தமிழ் கைகொடுக்காத இடம் உயிரொலி இசைவு, அதாவது சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப விகுதியின் உயிரொலியும் மாறுவது. நம் 'கள்' மாறாது. அங்கே வீடுகள் 'எவ்லெர்', குதிரைகள் 'அத்லார்'. இதற்கு வாய்ப்பழக்கம்தான் வழி.

அப்புறம், மரியாதைச் சொற்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'கொலாய் கெல்சின்', வேலை எளிதாக வரட்டும் என்பார்கள். உடம்பு சரியில்லாதவரிடம் 'கெச்மிஷ் ஒல்சுன்', கடந்துபோனதாக இருக்கட்டும். விருந்துக்குப் போன வீட்டில் வெறும் நன்றியோடு எழுந்துவிடாதீர்கள். சமைத்தவரிடம் 'எலினிஸெ சாலுக்' சொல்லுங்கள். உங்கள் கைக்கு நலம் உண்டாகட்டும் என்று பொருள். நெருங்கியவர் என்றால் 'எலினெ' போதும், நம் நீ, நீங்கள் போலத்தான். அவர் 'ஆஃபியெத் ஒல்சுன்', சாப்பிட்டது உடம்புக்கு நலமாகட்டும் என்பார், அநேகமாக இன்னொரு கரண்டியும் வைப்பார்.