ஹார்மோன்: இயக்குநீரா, சுரப்புநீரா?

யாராவது "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொன்னால், "எனக்கும்தான் இருக்கு" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். கழுத்தின் முன்பக்கம் எல்லோருக்கும் இருக்கிற சுரப்பி அது. அதில் சுரப்பது கூடினாலோ குறைந்தாலோதான் நோய். சுரப்பியின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டோம். முகப்பரு, முடி உதிர்வு, காரணமில்லாத கோபம் என்று எது வந்தாலும் பழியை ஏற்றுக்கொள்ளும் 'ஹார்மோன்' என்ற சொல்லின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

1902, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி. வில்லியம் பேலிஸ், எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியலாளர்கள் இருவரும் மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் குடலுக்கு வந்ததும் கணையம் சுரக்கிறதே, அந்தச் செய்தியை நரம்புதான் கொண்டுபோகிறது என்பது அன்றைய நம்பிக்கை. ரஷ்யாவில் உடலியலாளர் பாவ்லோவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நரம்பறுந்த குடல் துண்டுக்குள் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. சரி, செய்தி இரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று, குடலின் உள்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார்கள். கணையம் மறுபடி சொட்டத் தொடங்கியது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள்.

இது போன்ற பொருள்களுக்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. 1905இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை அவையேற்றினார். கிரேக்கத்தில் 'ஹொர்மாவோ' என்றால் கிளப்பிவிடுகிறேன், தூண்டிவிடுகிறேன் என்று பொருள். அதாவது, சொல்லுக்குள் சுரப்பியும் இல்லை, நீரும் இல்லை. ஓரிடத்தில் புறப்பட்டுப் போய் இன்னோரிடத்தைக் கிளப்பிவிடும் வேலை மட்டுமே இருக்கிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருவோம். 'சுரப்புநீர்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. சுரத்தல் நல்ல சொல்தான். கன்று முட்டிமுட்டிக் குடித்தால்தான் மாடு சுரக்கும். மடியில் பால் இறங்கும் அந்த வேலையைச் செய்வதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான். ஆனால் உமிழ்நீரும் சுரப்புநீர், இரைப்பை அமிலமும் சுரப்புநீர். எனவே அந்தச் சொல் பொதுவாக நின்றுவிடுகிறது, ஹார்மோனைத் தனியே பிரித்துக் காட்டவில்லை. 'நாளமில்லாச் சுரப்பி' என்று சேர்த்துச் சொன்னால் பிரிந்துவிடும். உமிழ்நீருக்கு வாயில் திறக்கும் குழாய் உண்டு, தைராய்டுக்கு அப்படி ஒன்று கிடையாது, அதில் சுரப்பது நேராக இரத்தத்தில் கலந்துவிடும். நாளம் என்றால் குழாய். ஆனால் இரத்தக் குழாயையும் இரத்த நாளம் என்றே சொல்லிக் கொடுப்பதால், "நாளமே இல்லாதது எப்படி நாளத்துக்குள் போகும்?" என்று ஒரு மாணவன் கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஹார்மோனுக்கு வழங்கும் இன்னொரு பெயரான 'இயக்குநீர்' கிரேக்கப் பொருளுக்கு மிக நெருக்கமாக வருகிறது. மீன் பண்ணையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் விட்டால் நன்றாகக் கொழுக்கும், வயிறு நிறையச் சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. மழைக்காலத்து வெள்ளம் தரும் தூண்டுதல் அங்கே இல்லை. அதனால் குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஊசிபோட்டு இவ்வகைக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம்.

ஊசியில் போனது இன்னொரு மீனின் பிட்யூட்டரி என்ற சுரப்பி. மீன் தலையின் மேலோட்டை வெட்டி, மூளையை மெதுவாகத் தூக்கினால், அடியில் சின்னதாக வெளுத்த மணிபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது அரைத்துத் தெளிவை எடுத்து, பெண்மீனுக்கு இரண்டு தவணை, ஆணுக்கு ஒன்று என்று போட்டு, ஹாப்பா என்ற துணித்தொட்டியில் விட்டால், இரண்டாவது ஊசிக்குப்பின் சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும். அளவோ மீனின் எடையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். வெள்ளமும் வரவில்லை, மழையும் பெய்யவில்லை. செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கும் செயற்கை ஹார்மோன் மருந்துதான்.

அந்தப் பிட்யூட்டரிக்குத் தமிழில் கபச்சுரப்பி என்றொரு பெயர் உண்டு. இலங்கைப் பாடநூல் படித்தவர்களுக்கு அது பழக்கம். ஹார்மோனையும் அவர்கள் ஓமோன் என்பார்கள். கபத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? லத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி. மூளையின் கழிவு அந்தச் சுரப்பி வழியாக இறங்கி மூக்கில் சளியாக வருகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நினைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அது தவறென்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட, தமிழாக்கியவர்கள் பெயரோடு அந்தத் தவறையும் சேர்த்தே பெயர்த்துவிட்டார்கள். மூளையடிச் சுரப்பி என்று இடத்தைச் சொல்லியிருந்தால் வம்பில்லை.

இயக்குநீரிலும் குறை இல்லாமலில்லை. நீர் என்றதும் ஏதோ திரவம் ஓடுவதாகத் தோன்றும். ஹார்மோனோ இரத்தத்தில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் ஒரு வேதிப்பொருள். தவிர, எல்லா ஹார்மோனும் இயக்குவதில்லை, சோமட்டோஸ்டாட்டின் போன்றவை தடுக்கவும் செய்யும். ஆனால் இந்த இரண்டாவது குறை கிரேக்கச் சொல்லுக்கும் உண்டு. தடுப்பவற்றுக்கு 'சாலோன்' என்று தனிப்பெயர் வைக்கலாம் என ஷேஃபர் என்ற உடலியலாளர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பொருளில் அது நிலைக்கவில்லை. தாவரங்களுக்கு வழங்கும் 'வளரூக்கி'யில் நீர் இல்லாதது நல்லதுதான், ஆனால் பால் சுரக்க வைப்பதையும் மீனை முட்டையிட வைப்பதையும் வளரூக்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேச்சில் ஹார்மோன், எழுத்தில் இயக்குநீர் என்பதே என் வழக்கம். அச்சுக்குப் போகுமுன் மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நெடில் ஒன்று விழுந்துவிட்டால், குழந்தையின் உயரம் கூடாததற்கு வளர்ச்சி இயக்குநர் போதாமையே காரணம் என்றாகிவிடும்.