கேம் ஓடுகிறது என்பதற்காக டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். முத்தியால்பேட்டைக்காரர், சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். பாரிசிலிருந்து பெரியப்பா வாங்கிவந்த பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகளை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, அசலைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டிருக்கிறார். இப்போது ஒரு கேமில் பாட்டு வரவில்லை. இன்னொன்று பாதியில் நின்றுவிடுகிறது. "எல்லாம் ஓடுச்சு சார், பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்கிறார்.

புதுச்சேரியில் டேட்டா ரெக்கவரி செய்கிறவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், இதைச் செய்யாதீர்கள். அழிந்த ஃபைலைத் தேடி மீட்கலாம். டிஸ்க்கிலிருந்து எடுக்கவே எடுக்காத டேட்டாவை எங்கே போய் மீட்பது?

'ஓடுகிறது' என்பதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. டைட்டில் வந்து, முதல் லெவல் ஆடிப் பார்த்தால், டிஸ்க்கில் அந்தப் பகுதி மட்டும்தான் படிக்கப்பட்டிருக்கும். கடைசி வீடியோவில் கீறல் விழுந்த செக்டார் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு துண்டு) இருந்தால், அதுவரை ஆடிப்போகிறவருக்குத்தான் தெரியும். பாட்டு இல்லாவிட்டாலும் பல கேம்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால் "ஸ்பீக்கர் பிரச்சினைன்னு நினைச்சேன்" என்பார்கள். ஓடுவது வேறு, முழுசாக இருப்பது வேறு.

அடுத்தது, எந்த டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ என்ற ஒற்றை ஃபைலாக எடுக்கும் மோகம். சிடியில் ஒரு செக்டார் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாதாரண டேட்டா சிடிக்கு அது போதும், மீதி பெரும்பாலும் பிழைதிருத்தக் கணக்கு. ஆனால் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கில் வீடியோவோடு கலந்துவரும் குரல் இருக்கும் செக்டார்களில் பயன் டேட்டாவே 2324 பைட். ஆடியோ ட்ராக்கில் 2352-ம் பாட்டுதான். ஐஎஸ்ஓவில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. பிளேஸ்டேஷன் 2 டிவிடிக்கு ஐஎஸ்ஓ சரி. அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் சிடி, அவற்றையும் பின்-கியூ ஜோடியாகத்தான் (செக்டாரை முழுசாக வைக்கும் பின் ஃபைல், அதன் விவரம் சொல்லும் கியூ ஃபைல்) எடுக்க வேண்டும். பின் ஃபைலின் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றினால் பெயர்தான் மாறும், உள்ளே ஒரு பைட்கூட மாறாது. சந்தேகமா? சிடியிலிருந்து எடுத்த ஃபைலின் மொத்த பைட்டை 2352-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் அது முழு டம்ப் (டிஸ்க்கின் நகல்) இல்லை.

கியூ ஃபைலை "ஒரு கேபி கூட இல்லையே, குப்பை" என்று அழிக்கிறவர்கள் தனி ரகம். எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது, எது டேட்டா, எது ஆடியோ என்பதெல்லாம் அந்த நாலைந்து வரியில்தான் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். பின் ஃபைலின் பெயரும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும், அதனால் வெளியே பெயர் மாற்றினால் உள்ளேயும் மாற்றுங்கள்.

சரி, முழுசாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? ஹாஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான எண். ரீடம்ப் என்ற திட்டத்தில், பல நாட்டு ஆர்வலர்கள் எடுத்த டம்ப்களின் அளவு, சிஆர்சி-32, எம்டி5, எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹாஷ்கள் எல்லாம் ட்ராக் வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் தரும் டேட் (.dat) ஃபைலில் கேம் இருக்காது, இந்த எண்கள் மட்டுமே. உங்கள் டம்ப்பும் அதுவும் ஒத்துப்போனால் நிம்மதி. டேட்டா ட்ராக் பொருந்தி ஆடியோ ட்ராக் மட்டும் பொருந்தவில்லை என்றால் பதற வேண்டாம். ஒவ்வொரு டிரைவும் ஆடியோவைச் சில சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு துண்டு) முன்னே பின்னே படிக்கும். அந்த ஆஃப்செட்டைத் திருத்தி எடுக்கும் ரீடம்பர் போன்ற மென்பொருளை வைத்து மறுபடி எடுங்கள்.

இடத்தை மிச்சப்படுத்த ஃபைலைச் சுருக்குவது அதற்கு அப்புறம்தான். மேம் என்ற எமுலேட்டர் (பழைய கேம் கருவியைப் போலக் கம்ப்யூட்டரில் கேமை ஓட்டும் மென்பொருள்) திட்டத்தின் சிஹெச்டி, நின்டென்டோவின் கேம்க்யூப்-வீ டிஸ்க்குகளுக்கு டால்பின் எமுலேட்டரின் ஆர்விஇசட் ஆகிய சுருக்க வடிவங்கள் இரண்டுமே இழப்பில்லாதவை, திரும்ப விரித்துக்கொள்ளலாம். வீ டிஸ்க்குகளுக்கான டபிள்யூபிஎஃப்எஸ் அப்படி இல்லை, பயன்படாத பகுதி என்று நினைப்பதை விட்டுவிடும், பழைய ஹாஷ் திரும்ப வராது. சிஹெச்டி ஃபைலையே ஹாஷ் போட்டு "ரீடம்ப்போட பொருந்தலையே" என்று வராதீர்கள், சுருக்கிய ஃபைல் எப்படிப் பொருந்தும்? அதில் 'வெரிஃபை' சரி என்று வந்தால், சுருக்கியபின் கெடவில்லை என்று மட்டுமே அர்த்தம். தப்பான டம்ப்பைச் சுருக்கினாலும் அது சரி என்றுதான் சொல்லும்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த டிஸ்க்குகள் பால் (PAL) என்ற ஐரோப்பிய ரகம். ஐரோப்பாவில் வந்த பல பிளேஸ்டேஷன் 1 கேம்களில் லிப்கிரிப்ட் என்ற நகல் தடுப்புப் பூட்டு உண்டு. சில செக்டார்களின் சப்சேனல் டேட்டாவை (செக்டாரோடு தனியாக வரும் துணை டேட்டா) வேண்டுமென்றே மாற்றி வைத்திருப்பார்கள். பின் ஃபைலில் சப்சேனல் வராது, அதனால் கேம் தொடங்கும், நடுவில் உறையும். மாற்றிய விவரம் எஸ்பிஐ என்ற குட்டி ஃபைலில் இருக்க வேண்டும். முத்தியால்பேட்டைக்காரரின் இரண்டாவது கேமுக்கு இதுதான் நோய். ரீடம்ப்பில் அந்த டிஸ்க்குக்கான எஸ்பிஐ இருந்தது, கியூவின் பெயரையே வைத்துப் பக்கத்தில் போட்டதும் ஓடியது. பாட்டில்லாத கேமுக்கு வழியில்லை.

வீட்டில் டிஸ்க் இன்னும் இருக்கிறவர்கள், ஹாஷ் பொருந்திய பிறகும் அதை வைத்திருங்கள். உப்புக்காற்று வரும் ஜன்னலோரம் வேண்டாம், மூடிய டப்பாவில் செங்குத்தாக வையுங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பேனாவால் எழுதாதீர்கள். சிடியின் உலோகப் படலம் அந்த மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது.