லேத் ஏன் கத்துகிறது?

போன கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். கேட்கத் தொடங்கிய உடனேயே போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படியொரு கிறீச்சல். அது ஓய்ந்த பிறகுதான் அவருடைய குரல் வந்தது: "சேர், வீட்டுக் கொட்டிலில் சின்ன லேத் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறன். வள்ளத்துக் கடல்நீர்ப் பம்புக்கு ஸ்டெயின்லஸ் சாப்ட் ஒன்று கடையிறன். டூல் தொட்டு ஐஞ்சு செக்கனில் இப்படிக் கத்துது. மேலெல்லாம் மீன் செதில் மாதிரி வரி. நாவூறு என்று சொல்லி அம்மா மெசினில் தேசிக்காய் கட்டிவிட்டா. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

கூடவே ஒரு படம். லேத் என்பது கம்பியைச் சுற்றவிட்டு டூலால் செதுக்கும் கடைசல் இயந்திரம். 20 மி.மீ. தடிப்புள்ள கம்பி, சக்கிலிருந்து (கம்பியைப் பிடித்துச் சுற்றும் பிடி) 160 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மறுமுனையில் எந்தத் தாங்கலும் இல்லை. நிமிடத்துக்கு 600 சுற்று. டூல் ஹைஸ்பீட் ஸ்டீல், அதுவும் பிடியிலிருந்து ஒரு பெருவிரல் நீளம் வெளியே வந்திருக்கிறது.

பாதி விடை படத்திலேயே இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் வளைவு, நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். 80 மி.மீ. நீட்டியிருந்தால் வளைவதைப் போல் எட்டு மடங்கு 160 மி.மீ. கம்பி வளையும். விட்டத்துக்கோ நான்காம் அடுக்கு. கம்பியின் தடிப்பு பாதியானால் பதினாறு மடங்கு வளைவு. இது உயர்தரத்தில் படித்த விசயம்தான். ஆகவே விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் சக்குக்கு எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டொக்கில் சென்டர் என்ற கூர்முனையைப் போட்டுத் தாங்க வேண்டும். டூலையும் முடிந்தவரை உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். அதன் நுனி கம்பியின் மையத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். சறுக்குத் தளங்களின் பக்கத் திருகுகள் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். இவ்வளவும் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் சொல்லுவார்கள்.

எனக்குப் பிடித்தது மிச்சப் பாதி. மோட்டார் சீராகச் சுற்றுகிறது. டூல் சீராக நகருகிறது. யாரும் எதையும் ஆட்டவில்லை. அப்படியானால் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை எல்லாம் ஆடுவது எப்படி? ஆட்டத்துக்கான சக்தியை யார் கொடுக்கிறார்கள்?

கோணேசர் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்பவரைப் பாருங்கள். அவர் ஊதும் காற்று ஒரே சீரானது. வாயில் வைக்கும் சீவாளிதான் அந்தச் சீரான காற்றிலிருந்து சக்தியைத் திருடித் தானாக அதிருகிறது. லேத்திலும் அதுதான் நடக்கிறது. ஆனால் திருடும் முறை வேறு, அதுதான் அழகு.

எளிமைக்காக, கம்பியைத் தறிக்கும் டூல் ஒன்று நேரே உள்ளே இறங்குவதாக வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 0.05 மி.மீ. இறங்குகிறது. ஆகவே உரிந்து வரும் சுருளின் தடிப்பும் 0.05 மி.மீ. எங்கோ ஓர் இடத்தில் உலோகம் கொஞ்சம் கடினமாக இருக்க, டூல் இலேசாகப் பின்னுக்குத் துள்ளுகிறது. துள்ளியது தன் இயல்பான மீடிறனில் (செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில்) நாலைந்து தடவை ஆடுகிறது. அந்த ஆட்டம் கம்பியின் மேல் மேடும் பள்ளமுமாகப் பதிந்துவிடுகிறது.

இந்த ஆட்டம் இங்கேயே தணிந்து போயிருக்க வேண்டும். ஆனால் கம்பி சுற்றுகிறதல்லவா? நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் பத்திலொரு செக்கனில் அந்த மேடு பள்ளம் திரும்பவும் டூலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. டூல் இப்போது வெட்டுவது, தான் சற்று முன்பு எழுதிய அலையை. மேட்டில் தடித்த சுருள், பள்ளத்தில் மெல்லிய சுருள். தடிப்பு மாறினால் விசையும் மாறும். விசை மாறினால் டூல் மறுபடியும் ஆடும். ஆடினால் புதிய அலை ஒன்று பதியும். அடுத்த சுற்றில் அதுவும் திரும்பி வரும்.

பழைய அலையும் புதிய அலையும் மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் சரியாகப் பொருந்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இரண்டு அலைக்கும் இடையிலான தூரம் எங்கும் ஒன்றே, சுருளின் தடிப்பு மாறாது, ஆட்டத்துக்குத் தீனி இல்லை. புதிய அலை கொஞ்சம் பிந்தினால்தான் கதை மாறுகிறது. கால் அலை பிந்துகிறது என்று வையுங்கள். இப்போது டூல் வெளிப்பக்கமாக நகரும் நேரமெல்லாம் அதன் முன்னால் பழைய மேடு நிற்கிறது: சுருள் தடிப்பு, விசை பெரிது, அந்த விசை தள்ளும் பக்கமும் வெளிப்பக்கமே. டூல் உள்ளே திரும்பும்போது பழைய பள்ளம் வருகிறது: சுருள் மெல்லியது, எதிர்க்கும் விசையும் சிறியது. போகும்போது பலமாகத் தள்ளு, வரும்போது மெதுவாகத் தடு. வருசப் பிறப்பு ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டும்போது நம் கை செய்வது இதைத்தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் சக்தி மிஞ்சும். உயர்தர மாணவர்கள் ஒரு வட்டத்தில் செய்யப்படும் வேலையைக் கணித்துப் பார்க்கலாம். அவத்தை வித்தியாசத்தின் (ஓர் அலை மற்றதற்கு எவ்வளவு பிந்துகிறது என்பதன்) சைன் பெறுமானம் அப்படியே வந்து விழும். பொருந்தி நின்றால் பூச்சியம், கால் அலை பிந்தினால் உச்சம், முந்தினால் மறைப் பெறுமானம்.

எந்த அவத்தையில் ஆடுவது என்று டூலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. எல்லாச் சிறு அதிர்வுகளும் முயன்று பார்க்கின்றன. பிந்தி வருகிற அதிர்வு மட்டும் ஊட்டம் பெற்று வளர்கிறது. அது வளர்ந்து வளர்ந்து, ஒரு கட்டத்தில் டூல் உலோகத்தை விட்டே வெளியே துள்ளும். அந்தக் கணத்தில் விசை பூச்சியம். அதற்குக் கீழே போக முடியாதபடியால் வளர்ச்சி நிற்கிறது. நீளப்பாட்டில் கடையும்போதும் டூலின் வட்ட நுனி முந்திய சுற்றின் தடத்தில் கொஞ்சம் ஏறித்தான் போகிறது. அதனால் அங்கும் இதே கூத்து. தம்பி கண்ட செதில்கள் அவைதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் டெய்லர், உலோகம் வெட்டுபவருக்கு இருக்கும் மிகப் புதிரான சிக்கல் இதுதான் என்று எழுதினார். தெளிவான விடைக்கு 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் டொபியாஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் திலஸ்டி என்று இருவர் தனித்தனியாக இதை அவிழ்த்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை லேத், அதிர்வு அளக்கும் கருவி, பொறுமை. நம் பக்கத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் தலைப்பில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். வள்ளத்துச் சாப்ட் ஏன் கத்துகிறது என்று ஒரு மாணவர் ஆறு மாதம் ஆராய எவரும் ஆயிரம் ரூபாயும் எடுத்துத் தரமாட்டார்கள்.

சரி, தம்பியின் சாப்டுக்கு வருவோம். குரல் பதிவை, ஒலியின் மீடிறனைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். செக்கனுக்கு ஏறத்தாழ 300 அதிர்வு. சாப்ட் செக்கனுக்கு 10 சுற்று. ஆகவே சுற்றுக்கு 30 அலை. 20 மி.மீ. கம்பியின் சுற்றளவு 63 மி.மீ., அலைக்கு அலை இடைவெளி 2 மி.மீ.க்குச் சற்றுக் கூட. அளவுகோல் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். 2 மி.மீ.தான். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

இதிலிருந்து வைத்தியம் தானாக வருகிறது. வேகத்தை 250 சுற்றுக்குக் குறைத்தால் சுற்றுக்கு 72 அலை. இடைவெளி ஒரு மி.மீ.க்கும் குறைவு. இவ்வளவு நெருங்கிய அலையில் சரிவுகள் செங்குத்தாகிவிடும். டூல் நுனிக்குக் கீழேயுள்ள முகம் இறங்கு சரிவுகளில் உராய்ந்து ஆட்டத்தைத் தின்றுவிடும். ஹைஸ்பீட் ஸ்டீலால் ஸ்டெயின்லஸ் வெட்ட நிமிடத்துக்கு 15 முதல் 20 மீற்றர் வெட்டு வேகம்தான் பொருத்தம். 250 சுற்றில் அது ஏறத்தாழ 16 மீற்றர். 600 சுற்றில் 38 மீற்றர். டூல் நுனி கருகியிருக்கும்.

இன்னொன்று, புதியவர்கள் நம்பமாட்டார்கள். கத்தினால் பயந்து டூலை இன்னும் மெதுவாக நகர்த்துகிறார்கள். தவறு. குறைக்க வேண்டியது வெட்டின் ஆழத்தை. நீளப்பாட்டில் கடையும்போது வெட்டின் ஆழம்தான் சுருளின் அகலம். சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு ஊட்டமும் கூடும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் இயந்திரத்தின் இயல்பான தணிப்பே வென்று, எந்த அவத்தையிலும் ஆட்டம் வளராது. அதனால்தான் ஓர் ஆழத்தில் அமைதியாக ஓடுகிற லேத், கொஞ்சம் கூட்டியதும் திடீரென்று அலறுகிறது. நகர்வு வேகம் அப்படியல்ல. ஊட்டம் வருவது தடிப்பின் மாற்றத்திலிருந்து, தடிப்பிலிருந்து அல்ல. மெதுவாக நகர்த்தினால் டூல் வெட்டாமல் தேய்க்கும். வள்ளத்துக்கு உகந்த 316 வகை ஸ்டெயின்லஸ், தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு இறுகும் சாதி. அடுத்த சுற்றில் டூலுக்கு வைரம் வெட்டுவது போலிருக்கும். (சுருளைக் கையால் இழுக்காதீர்கள், சவர அலகு மாதிரி. லேத்துக்குப் பக்கத்தில் சாரம் உடுத்திக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.)

வேகம் மாற்றும் குமிழ் உள்ள லேத்தில் ஒரு வித்தையும் உண்டு. வெட்டிக்கொண்டிருக்கும்போதே குமிழை இலேசாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருங்கள். சுற்றும் நேரம் மாறுவதால் பழைய அலை எதிர்பார்த்த அவத்தையில் வராது, ஊஞ்சலின் தாளம் தப்பும். மில்லிங் மெசினுக்கு (அங்கே சுற்றுவது பல் வைத்த கட்டர்) பற்களின் இடைவெளி சமமில்லாத கட்டர் விற்பதும் இதற்காகவே. மில்லில் சில சமயம் வேகத்தைக் கூட்டினாலும் அமைதி வரும்: நாலு பல் கட்டர், 3000 சுற்று, செக்கனுக்கு 500 அதிர்வு என்றால் பல்லுக்கு இரண்டரை அலை. 3750 சுற்றுக்கு ஏற்றினால் சரியாக இரண்டு, மேட்டுக்கு மேடு பொருந்திவிடும்.

தேசிக்காயைப் பற்றி அம்மாவோடு நான் வாதாடப் போவதில்லை. ஆயுத பூசைக்கு மெசினைத் துடைத்துச் சந்தனம் வைப்பது எனக்கும் பிடிக்கும். தளர்ந்த திருகு கண்ணில் படுவது அன்றைக்குத்தான். ஆனால் தேசிக்காய் கட்டியாயிற்று என்று டெயில்ஸ்டொக்கை மூலையில் போட்டுவைப்பதைத்தான் பொறுக்க முடியாது.

நேற்று மாலை மறுபடி குரல் பதிவு. சென்டர் போட்டு, 250 சுற்றில், ஆழத்தைப் பாதியாக்கிக் கடைந்தாராம். கத்தல் இல்லை, வரி இல்லை. ஆனால் டெயில்ஸ்டொக் பக்கம் சாப்ட் 0.04 மி.மீ. கூடுதலாகத் தடிப்பாம். அது சென்டர் நேர்கோட்டில் இல்லாத குற்றம். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து டெயில்ஸ்டொக்கை, விட்டத்தின் வித்தியாசத்தில் பாதியான 0.02 மி.மீ. டூல் பக்கமாக நகர்த்திவிட்டு, ஒரு பழைய கம்பியில் கடைந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.