“இப்போ ஒத்துக்கோ, அப்புறம் அப்பீல் போகலாம்” என்பவரை நம்பாதீர்கள்

இந்த வாரமும் ஒரு அப்பா வந்தார், ஸ்ரீராம்புரத்திலிருந்து. மகன் மேல் தெருச் சண்டை வழக்கு. கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போய்விட்டான். இப்போது வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் தண்டனை பெற்றவன் என்று வந்து நிற்கிறது. “அப்பீல் போட்டு இதை எடுத்துடுங்க சார்” என்கிறார்.

பெங்களூரில் நம்மவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீங்களாக ஒத்துக்கொண்டு, அதன்பேரில் தண்டனை வந்தால், ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று அப்பீல் போக முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 416-வது பிரிவு, பழைய சட்டத்தில் 375. விஷயம் ஒன்றுதான். மேஜிஸ்ட்ரேட்டோ செஷன்ஸ் கோர்ட்டோ தண்டித்திருந்தால், தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டும் கேட்கலாம். சாட்சி பொய் சொன்னான், நான் அங்கே இல்லவே இல்லை என்று வாதாட இடமில்லை. சாட்சியையே யாரும் விசாரிக்கவில்லையே! 500 ரூபாய் ஃபைனும் தண்டனைதான். கட்டியதோடு வழக்கு முடியும், பதிவு முடியாது.

இத்தனைக்கும் சாதாரணக் காயம் சம்பந்தப்பட்ட சண்டை வழக்கில் அடிபட்டவரோடு சமரசம் செய்துகொண்டால், அது விடுதலை ஆனதற்குச் சமம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சில வழக்குகளில் ரிவிஷன், அதாவது கீழ்க்கோர்ட் செய்தது முறைதானா என்று மேல்கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனு, போடலாம், கெடு 90 நாள். ஒத்துக்கொண்டதே முறையாக நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். குற்றச்சாட்டைப் புரியும்படி சொன்னார்களா, பதிலை முறையாகப் பதிந்தார்களா என்பதற்கு, கோர்ட்டில் அன்றன்று நடந்ததைப் பதியும் ஆர்டர் ஷீட்தான் ஆதாரம். கர்நாடகத்திலிருந்து போன திப்பஸ்வாமி வழக்கில், லேசாக விட்டுவிடுவதாக ஆசைகாட்டி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டு மேல்கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் கோர்ட் வாசலில் யாரோ ஆசைகாட்டியதை எப்படி நிரூபிப்பீர்கள்?

தயவுசெய்து, வக்கீலிடம் பேசாமல் பதில் சொல்லாதீர்கள். கடையில் பேசும் கன்னடம் வேறு, கோர்ட் கன்னடம் வேறு. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா, சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு.

ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பற்றி மட்டும் அப்பீல் போட 30 நாள் இருக்கிறது. 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி (புரொபேஷன்), தண்டனைக்குப் பதிலாக விடுவிக்கக் கேட்கலாம். கிடைத்தால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது, ஆனால் பதிவு அழியாது. அந்தப் பையனுக்கு இதைத்தான் முயற்சி செய்யப் போகிறோம். அதற்கு முதலில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வேண்டும். பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம் என்பதைக் கோர்ட் காரணமாக ஏற்காது.